போனென்காய்க்குப் போனா ஜப்பானிய மொழி வருமா?

நிஷிகசாய்_நெல்லையான்:
டிசம்பர் முதல் ஞாயிறு ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்3 நிலை எழுதியாச்சு. அடுத்த சனிக்கிழமை எங்க மொழிப் பரிமாற்றக் குழுவோட போனென்காய், அதாவது வருஷத்தை மறக்குற விருந்து. 5,000 யென், ரெண்டு மணி நேரம் எவ்வளவு வேணா குடிக்கலாம். நான் குடிக்க மாட்டேன், சைவம் வேற. மொழி படிக்க வந்தவனுக்கு இதுல ஒரு பிரயோஜனமும் இல்லைங்கிறது என் கட்சி. போன வருஷம் போனேன். கன்பாய்னு (நம்ம ‘சியர்ஸ்’தான்) சொல்லி பத்து நிமிஷம் ஜப்பானிய மொழி, அப்புறம் மேசை முழுக்க இங்கிலீஷ். கடைசில நாங்க நாலு தமிழ்ப் பசங்க மூலைல உக்காந்து ஊர்ல மழையான்னு பேசிட்டிருந்தோம்.

கஞ்சி_காய்ச்சுபவன்:
மூலைல போய் உக்காந்தது யாரு தப்பு அண்ணாச்சி? ஜேஎல்பிடில பேச்சுத் தேர்வே கிடையாது. உச்ச நிலையான என்1 பாஸானவனையே கடைக்கு போன் பண்ணி எட்டு பேருக்கு இடம் பிடிக்கச் சொன்னா முழிக்கிறான். போன வருஷம் நான்தான் கன்ஜி. (ஏற்பாட்டாளருக்குப் பேர் அது. எழுத்துக்குச் சொல்ற கன்ஜியும் அதே சத்தம்தான். நம்ம காதுக்கு ரெண்டும் கஞ்சி.) இடம் பிடிக்க ஒரு போன், ரெண்டு பேர் குறைஞ்சதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு போன், சைவத்தை விளக்க ஒரு போன். புத்தகத்துல படிச்ச கெய்கோ, அதான் மரியாதைப் பேச்சு, அன்னிக்குத்தான் வாயில வந்துச்சு.

நிஷிகசாய்_நெல்லையான்:
விளக்கி என்ன வே வந்துச்சு? தொட்டதெல்லாம் கட்சுவோபுஷி, அதாவது காஞ்ச மீன் சீவல், போட்ட தாஷிச் சாறு. கேக்காமலே வைக்கிற ஒத்தோஷி கிண்ணத்துலயும் மீன். எடமாமேவும் (அவிச்ச பச்சை சோயா) உருளைக்கிழங்கு வறுவலும் தின்னுட்டு 5,000 வச்சேன்.

செந்தாய்_அக்கா:
இசகாயா (குடிச்சுக்கிட்டே சாப்பிடுற கடை) விஷயத்துல நான் நெல்லையான் பக்கம். மொழிப் பள்ளில 19 வயசுப் பிள்ளைங்களும் இருக்காங்க. 2022 ஏப்ரல்ல மேஜராகுற வயசு 18 ஆச்சே தவிர, குடிக்க இன்னும் 20தான். ஆனா விருந்தே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எங்க வட்டார நிஹோங்கோ (ஜப்பானிய மொழி) வகுப்புல சொல்லிக்குடுக்கிறவங்க ஓய்வு பெற்ற பாட்டிங்க, தாத்தாங்க. வருஷக் கடைசில மத்தியானம் கூடுவோம், ஆளுக்கொரு பதார்த்தம். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். மஞ்சள் நிறம் எப்படின்னு கேட்டாங்க. ‘ஊகோன்’னு சொன்னதும் ஒரே சிரிப்பு. குடிக்கப் போறதுக்கு முன்னாடி, மறுநாள் ஹேங்ஓவர் வராம இருக்கும்னு வாங்கிக் குடிக்கிற மஞ்சள் பானம் அவங்களுக்கு அதுதான்! அதுலேருந்து பேச்சு நிக்கவே இல்ல. கிளம்பும்போது நான் ‘அகேமாஷ்தே ஒமெதெதோ’ன்னு புத்தாண்டு வாழ்த்து சொல்லி வச்சேன். அது ஜனவரி 1 பிறந்தப்புறம் சொல்றது, டிசம்பர்ல ‘யோய் ஒதோஷி ஓ’ன்னு நாலு பாட்டி சேர்ந்து திருத்தினாங்க. இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

கஞ்சி_காய்ச்சுபவன்:
அக்கா, பாட்டிங்க உங்களுக்காக நிறுத்தி நிதானமாப் பேசுவாங்க. ஆபீஸ் மேலாளர் ரெண்டு பீருக்கப்புறம் ஒசாகா பாஷையில பாதி முழுங்கிப் பேசுவார். ‘இன்னிக்கு புரேய்கோ, பெரியவன் சின்னவன் கிடையாது’ன்னும் சொல்வார். அதை அப்படியே நம்பித் தோள்ல கை போட்டீங்களோ, முடிஞ்சுது. அந்த எல்லை எங்க இருக்குன்னு எந்த வகுப்புல சொல்லித் தர்றான்?

நிஷிகசாய்_நெல்லையான்:
ஜப்பான்காரனே 2019ல ‘போனென்காய் சுரூ’ன்னு பேர் வச்சு விருந்துக்கு டிமிக்கி குடுக்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?

செந்தாய்_அக்கா:
டிமிக்கி குடுக்கவும் மொழி வேணும் தம்பி. ‘வர முடியாது’ன்னு எழுதிடாதீங்க. ‘சோனோ ஹி வா ச்சொத்தோ...’ன்னு பாதில விட்ருங்க. நம்ம ஊர்ல ‘அன்னிக்குக் கொஞ்சம்...’னு இழுப்போமே, அச்சு அசல் அதேதான்.

நிஷிகசாய்_நெல்லையான்:
அனுப்பிட்டேன் அக்கா. ரெண்டே நிமிஷத்துல கன்ஜிகிட்டேயிருந்து பதில்: ‘பரவாயில்ல, ஜனவரில ஷின்னென்காய் (புத்தாண்டு விருந்து) வச்சிருக்கோம், உங்களுக்கு எந்தச் சனிக்கிழமை தோது?’

கஞ்சி_காய்ச்சுபவன்:
எடமாமே ரெண்டு தட்டா சொல்லி வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி.