டாட்ஜ் சிட்டி பலகை நடைபாதை: அசலா, நகலா?

தண்டவாளப்பிரியன்:
அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக்குப் போய்வந்த வழிப்போக்கன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டாட்ஜ் சிட்டியில், அந்தக் காலத்தில் அங்கே காவல் அதிகாரியாக இருந்த வயட் எர்ப் நடந்த அதே பலகை நடைபாதையில் தானும் நடந்தாராம். ஐயா, அந்த நடைபாதையும் கடைவரிசையும் பூட் ஹில் அருங்காட்சியகத்துக்காக 1958ல் கட்டியது. 1885ல் ஊரின் பழைய கடைத்தெருவான ஃபிரண்ட் ஸ்ட்ரீட்டில் தீப்பிடித்து மரக்கடைகள் எரிந்தன, அப்புறம் செங்கல்லில் கட்டினார்கள். எர்ப் இறந்தது 1929ல். 1958 பலகையில் அவர் எப்படி நடந்தார்?

வழிப்போக்கன்:
டென்வரிலிருந்து பிள்ளைகளோடு காரில் போய்ப் பார்த்துவிட்டு ஆசையாக எழுதினேன். வீட்டில் உட்கார்ந்து ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறவர் வந்து மார்க் போடுகிறார். சரி, கடைகள் நகல் என்றே வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் மேடு, பழைய மயானமான அதே பூட் ஹில்தானே? அங்கே புதைக்கப்பட்டவர்கள் நிஜம்தானே?

தண்டவாளப்பிரியன்:
புதைத்தது நிஜம். 1879ல் தோண்டியெடுத்து வேறு மயானத்துக்குக் கொண்டுபோனதும் நிஜம். அதன்பின் அந்த மேட்டில் பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் நான் கேட்டது மேட்டை அல்ல, பலகையை. 1958.

சுண்ணாம்புக்கல்:
பதினோரு வருஷமாகக் கன்சாஸில் இருக்கிறேன். பலகையை விடுங்கள். அசல் வேண்டுமென்றால் அதே ஊரில் முல்லர்-ஷ்மிட் வீடு இருக்கிறதே! 1881ல் கட்டி முடித்த சுண்ணாம்புக்கல் வீடு. மாடு ஓட்டிவந்தவர்களுக்கு பூட்ஸ் தைத்து விற்ற முல்லர் கட்டியது. 1890ல் கொல்லர் ஷ்மிட் வாங்கினார். கட்டிய இடத்திலேயே இன்றும் நிற்கிறது. 1898ல் கட்டிய சாண்டா ஃபே ரயில் நிலையமும் இருக்கிறது, அருமையாகப் புதுப்பித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அருங்காட்சியகத்தில் நடித்துக் காட்டும் துப்பாக்கிச் சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டு அப்படியே காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

தண்டவாளப்பிரியன்:
நன்றி அக்கா, நான் சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கல்வீடு அசல். ஸ்டேஷன் அசல். பலகை 1958.

வழிப்போக்கன்:
அருங்காட்சியகத்திலேயே, பக்கத்திலிருந்த ராணுவ டாட்ஜ் கோட்டையின் பழைய சிறைக்கூடம் இருக்கிறது. அதுவும் நகலா?

தண்டவாளப்பிரியன்:
அது பழைய கட்டடம்தான், கோட்டையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. இடம் பெயர்த்த கட்டடம் பாதி அசல்.

சுண்ணாம்புக்கல்:
இதை ஒப்புக்கொள்ள முடியாது தம்பி. பெயர்த்துக் கொண்டுவந்திராவிட்டால் அது இன்று மண்ணோடு மண். காப்பாற்றியவர்கள் உழைப்பைப் பாதி என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

யாழ்மைந்தன்:
இந்த ஊருக்கு வந்து குடியேறியவர்களை எல்லோரும் முன்னோடி, முன்னோடி என்கிறார்கள். ஆருக்கு முன்னோடி? கயோவா, கொமாஞ்சி, ஷையன் என்ற பூர்வகுடி மக்கள் அந்தப் புல்வெளியில் வாழ்ந்தவர்கள். 1872 செப்டம்பரில் ரயில் வந்ததும், அவர்களுடைய சீவனமாக இருந்த காட்டெருமைகளைச் சுட்டுத் தோலை மலைமலையாகக் குவித்து அதே ரயிலில் ஏற்றினார்கள். டொட்ஜ் சிற்றி பிழைத்தது முதலில் தோலில், பிறகுதான் டெக்சஸ் மாட்டில். அந்தக் கதைக்கு எந்தக் கட்டடம்?

தண்டவாளப்பிரியன்:
பெரிய விஷயம், மறுக்கவில்லை. தனி இழை திறங்கள். அது டாட்ஜ், டொட்ஜ் இல்லை.

யாழ்மைந்தன்:
நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். உங்கள் எழுத்துமுறைதான் தமிழ் என்று ஆர் சொன்னது?

வழிப்போக்கன்:
அவருக்கு எல்லாரையும் திருத்தவேண்டும். போன வருஷம், கன்சாஸின் இன்னொரு மாட்டுச்சந்தை ஊரான அபிலீன் பற்றிய இழையில் மாட்டு வியாபாரி மெக்காய் மாட்டுத்தொழுவம் கட்டியது 1872 என்று நின்றாரே, நினைவிருக்கிறதா? 1867 என்று நான்தான் சொன்னேன். அந்தக் கோபம்தான் இது.

தண்டவாளப்பிரியன்:
அபிலீன் தவறை அன்றே திருத்தினேன், இழை அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். நீங்கள் இன்னும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நகலைப் பார்த்து ரசிப்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. "அதே" என்ற சொல்தான் உறுத்துகிறது. எர்ப் அந்த ஊரில் வேலை பார்த்தது 1876 முதல் 1879 வரை. "அதே" என்று எழுதினால், 1881 முதல் வெயிலிலும் பனியிலும் நிற்கும் கல்வீட்டை யார் தேடிப் போவார்கள்? அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள், போதும்.

வழிப்போக்கன்:
எடுக்கமாட்டேன். என் பிள்ளைகள் அங்கே நடந்து வரலாறு தெரிந்துகொண்டார்கள்.

தண்டவாளப்பிரியன்:
1958ஐத் தெரிந்துகொண்டார்கள்.

சுண்ணாம்புக்கல்:
ஸ்டேஷனுக்கு வெளியே அமெரிக்க நேர மண்டலங்களான மத்திய நேரம், மலை நேரம் இரண்டுக்கும் தனித்தனியாகப் பெரிய சூரியக் கடிகாரங்கள் உண்டு. அதையாவது இங்கே யாரேனும் பார்த்தீர்களா?

யாழ்மைந்தன்:
எருமைத்தோலுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தண்டவாளப்பிரியன்:
முதலில் பலகைக்கு அவர் பதில் சொல்லட்டும்.