பங்குப் பேரவை: தலைக்கட்டும் அன்பியமும்

1987இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில், தேவகோட்டைப் பக்கத்துப் பங்கு (ஓர் ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகம்) ஒன்றின் பேரவையில், அதாவது பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் குழுவில், நான் உறுப்பினராக இருந்தேன். எங்கள் ஊரில் பேரவைக்கு முன்பே ஊர்க்கூட்டம் இருந்தது. திருவிழாவுக்கு வரி போடுவதும், தேர் செல்லும் தெருக்களை முடிவு செய்வதும், வரவு செலவு முடிப்பதும் அங்கேதான். நகரத்தார் கோயில்களில் மணமான தம்பதியரை எண்ணும் புள்ளிக் கணக்கு இருப்பதைப் போல, இங்கே வரி கொடுக்கும் குடும்பங்களை எண்ணும் தலைக்கட்டுக் கணக்கு. வரி கொடுப்பவருக்குத்தான் பேச்சு என்பதால், கணவரை இழந்து வரிவிலக்குப் பெற்ற பெண்கள் அந்தச் சலுகையோடு பேசும் உரிமையையும் இழந்திருந்தார்கள்.

அன்பியங்கள் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள்) வழியாகப் பேரவைக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது இந்த நிலை மாறியது. அன்பியக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர்கள் பெரும்பாலும் பெண்களே (ஆண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்). ஆகவே பிரதிநிதிகளும் அவர்களாகவே அமைந்தார்கள். கிளைக்கிராமச் சிற்றாலயத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலத்தில், திருவிழா மின்விளக்கு அலங்காரத்தைக் கூட்டலாம் என்ற பேச்சு ஒரு கூட்டத்தில் எழுந்தபோது, வரிப்பட்டியலில் பெயரே இல்லாத அம்மா ஒருவர் எழுந்து பங்குத்தந்தையிடம், "சாமி, போன வருசம் லைட்டுக்கு எவ்வளவு ஆச்சுன்னு நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார். நோட்டு அன்று வரவில்லை. அடுத்த கூட்டத்திற்கு வந்தது. விளக்கு குறைந்தது, சிற்றாலயத்தின் ஓடுகள் மாற்றப்பட்டன.

பேரவையின் தீர்மானம் பங்குத்தந்தையைக் கட்டுப்படுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 536ஆம் சட்டம் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே அளிக்கிறது. தலைமை பங்குத்தந்தைக்கே உரியது. பேரவை அமைய வேண்டுமா என்பதையும், குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டபின் ஆயரே முடிவு செய்கிறார். நிதிக்குழு அப்படியல்ல, 537ஆம் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தே ஆக வேண்டும். நம்பிக்கையாளர் அளித்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் சட்டமும் சொல்கிறது. எனவே கையுயர்த்தி வாக்களிப்பதைவிட நோட்டைக் கேட்பதே எங்களுக்கு அதிகம் பயன்பட்டது.

பங்குத்தந்தை மாறுதலாகிச் சென்றபின் கூட்டங்கள் அரிதாயின. ஆலோசனை கேட்பவர் கேட்காவிட்டால் பேரவையால் அதிகம் செய்ய இயலாது. எனினும் திருவிழாக் கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் நிற்கவில்லை. தேர்ப்பாதையை மட்டும் இன்றும் ஊர்க்கூட்டமே முடிவு செய்கிறது. அதையும் பேரவை கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தேர் போகாத தெருக்களிலிருந்தும் பேரவைக்குப் பிரதிநிதிகள் வருகிறார்கள்.