கயர்ப்போடு (துவர்ப்போடு) மறக்க முடியாத ஒரு நாள் – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
பாக்குச் சொக்கின அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெம்பட்டா வீதியில் ஒரு நிச்சயதார்த்த வீடு, எனக்கு 19 வயது. தட்டத்தில் இருந்த பச்சைப்பாக்கை வெற்றிலைகூட இல்லாமல் கடித்துவிட்டேன். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, காது சுட்டது, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. பெரியம்மா சீனியை வாயில் போட்டுத் தண்ணீர் தந்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

மனதை அரிப்பது அதில்லை. அன்று என் பக்கத்தில் இருந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தவர் அப்பா. போன வருடம், உறைப்பு வைத்தால் வாய் எரிகிறது என்றார். பல் டொக்டர், "வாய் எவ்வளவு திறக்குது என்று பார்ப்போம், மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விடுங்க ஐயா" என்றார். ஒரு விரல் போனது. இரண்டாவது பல்லில் இடித்து நின்றது. அப்பா விரலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார், வாயில் பிழையில்லை, விரல் வைத்த விதத்தில்தான் பிழை என்பதுபோல. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

புகையிலை அவர் தொட்டதே இல்லை. பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும்தான்.

ரீப்பிரியை:
மேலே எழுதிய அண்ணா, அப்பா சுகப்பட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என்னுடையது பிளேன் ரீ. வயிற்றில் பிள்ளை, ஐந்தாம் மாதம், ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்துக் குளிசையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை, ஆனாலும் ஏறவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வந்த மிட்வைஃப் அக்கா மேசையைப் பார்த்தார். ரீ கிளாஸ், பக்கத்தில் குளிசை. ஒன்றும் சொல்லாமல் ஒரு குளிசையைக் கரண்டியால் நசித்து ரீக்குள் போட்டுக் கலக்கினார். சிவப்பாக இருந்த ரீ பேனை மை மாதிரிக் கறுத்துப்போனது. "இதுதான் வயிற்றுக்குள்ளும் நடக்குது தங்கச்சி" என்றார். சாயத்தில் இருக்கிற கயர் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம், பிறகு உடம்பு அதை எடுக்காது. அன்றிலிருந்து குளிசை தேசிக்காய்த் தண்ணீரோடு, ரீ ஒரு மணி நேரமாவது தள்ளி. இரண்டு மாதத்தில் 11 ஆனது. வீணாய்ப்போன அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும்.

தெஹிவளை 92:
எல்லாரும் கயர்ப்பைச் சுவை என்றே நினைக்கிறீர்கள். சுவையில்லை. காலிமுகத்திடலில் வெரளிக்காய் வாங்கி, நன்றாகக் கயர்த்த ஒரு துண்டை மேல் உதட்டுக்கும் முரசுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தேன். அந்த இடத்தில் சுவை அரும்பு இல்லை. ஆனாலும் அதே சொரசொரப்பு, அதே இழுவை. உமிழ்நீரை வழுவழுப்பாக வைத்திருக்கிற புரதங்களைத் தனின் என்கிற கயர்ச்சத்துப் பிடித்துக் கட்டியாக்குகிறது, வழுவழுப்புப் போய்விடுகிறது. நாம் உணர்வது அந்த உராய்வைத்தான். ரீக்குப் பால் விட்டதும் கயர் குறைவதும் இதனால்தான்: தனின் பால் புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது, வாயை விட்டுவிடுகிறது.

அம்மம்மா வளர்த்த பிள்ளை:
தம்பி, அறுசுவையில் துவர்ப்பையும் சேர்த்து எண்ணியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. நெல்லிக்காயைச் சப்பிவிட்டுத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், இனிக்கும். அது உராய்வா? பாக்கையும் இப்படிக் கரித்துக்கொட்ட வேண்டாம். புகையிலை சேர்த்தால்தான் கெடுதல், வெறும் பாக்கு முரசை இறுக்கும். அம்மம்மா 84 வயது வரை போட்டார்.

புதுமணப்பெண்:
வாயை விட்டுத் தோலுக்கு வரலாமா? எனக்கு முகம் எண்ணெய் வழியும். கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பு மாமி சீனக்காரத்தை, அதுதான் படிகாரத்தை, கரைத்து இரண்டு நேரமும் பூசச் சொன்னார். முதல் மூன்று நாள் தோல் இழுத்துப் பிடித்தாற்போல, அவ்வளவு நன்றாக இருந்தது. கலியாணத்தன்று விடிய 4 மணிக்கு மேக்கப் போட வந்த அக்கா கன்னத்தில் பஞ்சை ஒற்றி எடுத்தார். பஞ்சோடு தோல் வந்தது, வெங்காயச் சருகு மாதிரி, மெல்லிசாக. அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். படங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அல்பத்தை நான் இன்னும் திறக்கவில்லை.

மட்டக்குளி ஐயா:
மகள், எனக்கும் சீனக்காரத்தோடு 40 வருடப் பழக்கம். ஒரு முறை சலூனில் தாடைக்குக் கீழே சவரக்கத்தி பட்டு ரத்தம் வந்தது, கல்லை வைத்ததும் நின்றது. என் கதை அவ்வளவுதான். ஆனால் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கல் அலுமினிய உப்பு, மேல்தோலில் உள்ள புரதத்தை உறைய வைக்கும். அதனால்தான் சின்ன வெட்டில் ரத்தம் நிற்கிறது, இறுகின மாதிரியும் தெரிகிறது. ஆழமான வெட்டுக்கு அது வேண்டாம், சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முகத்தில் உள்ள துவாரத்தை மூடும் என்பதும் சரியில்லை. துவாரத்துக்குத் தசை கிடையாது, திறந்து மூட அது கதவில்லை. புறக்கோட்டை கபோஸ் லேனில் மருந்துச் சரக்குக் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். வாங்கினால் ஒரு ஆளுக்கு ஒரு கல், ரத்தம் பட்டதை மற்றவர் தொடக்கூடாது. முகத்தை நனைத்து, ஒரு தடவை தேய்த்து, கொஞ்சம் பொறுத்துக் கழுவிவிட வேண்டும். கழுவாமல் காயவிட்டால் தோல் வறளும். பிறகு ஏதாவது கிரீம், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. ஸ்பிரிட் கலந்த டோனரும் அதே வேலையைத்தான் செய்யும், அதையும் இதையும் சேர்த்துப் பூசவே கூடாது. அல்பத்தைத் திறந்து பாருங்கள் மகள்.

பொத்திக்கறி:
ரீப்பிரியை சொன்ன அதே கறுப்பு என் கையில். வாழைப்பொத்தியை அம்மாவின் பழைய இரும்புக் கத்தியால் அரிந்துவிட்டுக் கோட்டையில் வேலைக்கு ஓடினேன். கவுன்டரில் காசு எண்ணும்போது எதிரில் இருந்தவர் என் விரலைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பின்னுக்கு எடுத்தார். இப்போது கையில் முதலில் எண்ணெய், கத்தியும் எவர்சில்வர்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அம்மம்மா வளர்த்த பிள்ளைக்கு: உங்கள் அம்மம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் சந்தோஷம். ஆனால் புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே அறிவித்துவிட்டது. டொக்டர் சொன்னதும் அதுதான்: கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகிவிட்டது, அந்த நார் திரும்ப இளகாது, மேலும் இறுகாமல் பார்க்கலாம். முரசை இறுக்கும் என்று நம்பித்தான் அப்பாவும் போட்டார்.

தட்டத்தை அம்மா அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். காலையில் அப்பா வாய் திறக்கும் பயிற்சி செய்கிறார், நான் பக்கத்தில் இருந்து எண்ணுகிறேன். நேற்று இரண்டாவது விரல் நகம் வரைக்கும் போனது.