பொருத்து வீடு மலிவா? அந்த 21 இலட்சத்துக்குப் பதில் சொல்லுங்கள்

வன்னியூரான்:
தொழிற்சாலையில் செய்த உருக்குப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டும் பொருத்து வீடுதான் மலிவு என்றும், அதை எதிர்த்தவர்களால்தான் இலங்கையின் வடக்கு கிழக்கில் சனம் இன்னமும் கொட்டில்களில் கிடக்கிறது என்றும் 'தொழில்நுட்பன்' நேற்று எழுதியதை வாசித்து வயிறு எரிந்தது. போரில் வீடிழந்தவர்களுக்கென 2016இல் பேசப்பட்ட ஆர்சலர் மிட்டல் என்ற உருக்கு நிறுவனத்தின் 65,000 உருக்கு வீடுகளில் ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். எது மலிவு?

தொழில்நுட்பன்:
அந்த 21 இலட்சத்தில் தளபாடம், சூரிய மின்தகடு, தொலைக்காட்சி எல்லாம் அடங்கியிருந்ததை ஏன் மறைக்கிறீர்கள்? ஐந்தரை இலட்சம் போதாமல் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்களையும் சேர்த்தே மறைக்கிறீர்கள். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தினால் மழைக்கும் மேசனுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

வன்னியூரான்:
ஐந்தரையைப் பத்தாக்கிக் கொடுத்திருந்தாலும் உங்கள் 21 இலட்சத்தில் இரண்டு கல்வீடுகள் எழுந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு முற்றத்திலேயே சீமெந்துக் கல் அரிந்தோம். அம்மா காலையும் மாலையும் அந்தக் கற்களுக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடிவைப்பார். கொடுத்த கூலியில் ஊர் மேசன் வீட்டு அடுப்பு எரிந்தது. 21 இலட்சத்தில் யார் வீட்டு அடுப்பு எரிந்திருக்கும்?

தொழில்நுட்பன்:
அதே ஊர் மேசன் கட்டிய சுவர் இரண்டு மாரிக்குள் வெடித்துவிட்டதென்று சென்ற ஆண்டு இங்கே புலம்பியவரும் நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

வன்னியூரான்:
வெடித்தது, ஒரு பை சீமெந்து வாங்கிப் பூசினோம். கடற்காற்றில் உருக்குத் தகடு துருப்பிடித்தால், மாற்றுத் தகட்டைப் பருத்தித்துறையில் எந்தக் கடையில் வாங்குவது?

கரைச்சியாள்:
அண்ணாமாரே, இருவரும் சனம், சனம் என்கிறீர்கள். பொருத்து வீட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்தி. தகரத்தின் கீழ் இரண்டு பிள்ளைகளுடன் இருந்த எனக்கு, எந்த வீடு முதலில் வருமோ அதுவே வீடாக இருந்தது. ஒன்றும் வரவில்லை.

வன்னியூரான்:
தங்கச்சி, உங்கள் கையெழுத்தைக் காட்டித்தான் சனமே கேட்கிறது என்றார்கள். அதே காசுக்குக் கல்வீடு தருகிறோம் என்று கேட்டிருந்தால் எதற்குக் கையெழுத்து வைத்திருப்பீர்கள்?

தொழில்நுட்பன்:
அந்தப் பிள்ளையின் துயரத்தை உங்கள் வாதத்துக்கு முண்டு கொடுக்காதீர்கள். விலையைப் பின்னர் குறைத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

வன்னியூரான்:
குறைக்க முடிந்த விலையை முதலில் ஏன் 21 இலட்சம் என்று போட்டார்கள்? அந்த 21 இலட்சத்தைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.