மேப்பிளா, ஸ்வீட்கமா? உருண்டை மடல் கொண்ட மரம் எந்த வகை?

கேள்வி:
வணக்கம். நான் நாள்தோறும் நடந்து செல்லும் பாதையோரத்தில் ஆறு மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஐந்து மடல் கொண்ட நட்சத்திர வடிவ இலைகளைப் பார்த்து அவற்றை மேப்பிள் என்றே எண்ணியிருந்தேன். சென்ற வாரம் முள்முள்ளான உருண்டைக் காய் ஒன்று காலடியில் தட்டுப்பட்டதும் ஐயம் எழுந்தது. ஆறாவது மரத்தில் மட்டும் இலைமடல்களின் நுனி கூர்மையின்றி உருண்டிருக்கிறது, அதனடியில் ஒரு காய்கூட இல்லை. அது வேறு இனமா?

பதில் 1:
முதலில் ஓர் இளங்கிளையைப் பாருங்கள். மேப்பிளில் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமையும். முள்முள்ளான உருண்டைக் காய் காய்க்கும் ஸ்வீட்கம் மரத்தில் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமையும். இதேபோன்ற மடல் இலைகள் கொண்ட பிளேன் மரத்திலும் மாறி மாறித்தான் அமையும் என்றாலும், அதன் இலைக்காம்பின் அடி குழிவாக இருந்து மொட்டைத் தொப்பிபோல் மூடியிருக்கும். அடுத்து, ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். பிசின் வாசம் கமழ்ந்தால் அது ஸ்வீட்கம்தான் என்று ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். காய்ந்த காயை உள்ளங்கையில் தட்டினால், முற்றாத விதைகள் மரத்தூள் போலக் கொட்டும், இடையிடையே சிறகுள்ள நல்ல விதைகளும் விழும். பிளேன் காயோ பஞ்சாக உதிர்ந்துபோகும். கிளையில் தக்கைபோன்ற வரப்புகள் இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். எல்லா ஸ்வீட்கமிலும் அவை இருப்பதில்லை, சில மேப்பிள்களிலும் உண்டு.

பதில் 2:
ஆறாவது மரம் வேறு இனமன்று. அதுவும் ஸ்வீட்கம்தான் (அறிவியல் பெயர்: லிக்விடாம்பர் ஸ்டைராசிஃப்ளுவா), அதன் அலங்கார வகையான 'ரொட்டண்டிலோபா' என்றே தோன்றுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1930இல் கண்டறியப்பட்ட இவ்வகை ஏறத்தாழக் காய்ப்பதே இல்லை என்பதால், முட்காய்கள் நடப்பவர்களுக்குத் தொல்லையாகும் இடங்களில் விரும்பி நடப்படுகிறது. இதே இனத்தின் மற்ற அலங்கார வகைகளில், கிளைகள் விரியாமல் தூண்போல் ஒடுங்கி உயர்வது 'ஸ்லெண்டர் சில்லவெட்'. புதராகக் குறுகி நிற்பது 'கம்பால்'. இலையோரம் வெளிறிய வெண்மையாக இருப்பது 'சில்வர் கிங்'. மூன்றே மடல்கள் இருந்தால் வேறு இனத்தை, குறிப்பாகச் சீனாவையும் தைவானையும் சேர்ந்த லிக்விடாம்பர் ஃபார்மோசானாவை, எண்ண வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று சென்று பார்த்தேன். இலைகள் மாறி மாறியே அமைந்துள்ளன, வாசமும் இருக்கிறது. ஆனால் ஆறாவது மரத்தின் உச்சிக்கு அருகே ஒரு கிளையில் மட்டும் கூரிய மடல்கள் தெரிகின்றன. அப்படியானால் 'ரொட்டண்டிலோபா' என்பது தவறா?

பதில் 2:
தவறன்று, அந்தக் கிளை என் கணிப்புக்கு வலுவே சேர்க்கிறது. இவ்வகையில் சில கிளைகள் மூல இயல்புக்குத் திரும்பிக் கூரிய மடல்களை விடுவதுண்டு. அந்தக் கிளை காய்க்கவும் கூடும் என்பதால், மரத்தைப் பராமரிப்பவர்களிடம் சொல்லி அதை அடியோடு நீக்கச் செய்வது நல்லது.

பதில் 3:
ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மற்ற ஐந்து மரங்களுக்கு இலையுதிர்கால நிறத்தைக் கொண்டு 'பர்கண்டி', 'பாலோ ஆல்ட்டோ' என்று அலங்கார வகைகளின் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். விதையிலிருந்து வளர்ந்த சாதாரண மரங்களிலேயே மஞ்சள் முதல் கருஞ்சிவப்பு வரை நிறம் மாறுபடும். அந்த ஆண்டின் குளிரும் வெயிலும்கூட அதை மாற்றும். நட்டவர்களின் பதிவேடோ மரத்தில் கட்டிய பெயர்ச்சீட்டோ கிடைக்காதவரை, அவற்றை வெறும் ஸ்வீட்கம் என்று குறித்து வைப்பதே நேர்மையானது.