மினிமம் மட்டும் கட்டினா ஸ்கோர் ஏறுமாம்!

பனிக்குல்லா:
ஒரு வாய்ஸ் நோட் வாட்ஸ்அப்பில் சுத்திட்டு இருக்கு. "கனடாவுக்குப் புதுசா வந்தவங்க கிரெடிட் கார்டு பில்லை முழுசா கட்டக் கூடாது. மினிமம் கட்டிட்டு மிச்சத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளினாதான் கிரெடிட் ஸ்கோர் ஏறும், வீட்டு லோன் கிடைக்கும்"னு ஒரு மகராசன் பேசியிருக்கார். கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு. கார்டு வட்டி 19.99 சதவீதம். 300 டாலரை உருட்டிட்டே இருந்தா மாசம் 5 டாலர் தண்டம். முழுசா கட்டலைன்னா வட்டியில்லாத 21 நாள் சலுகையும் போச்சு, பொருள் வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும். வட்டி கட்டினதுக்காக, ஸ்கோர் போடற பியூரோவான ஈக்விஃபாக்ஸ் ஒரு பாயின்ட் கூடத் தராது.

கணக்கன்:
வொய்ஸ் நோட் பிழைதான். ஆனா நீங்களும் அரைவாசிதான் சொல்லியிருக்கிறியள். முழுசாக் கட்டினாக் காணாது, எப்ப கட்டுறது எண்டதுதான் விசயம். லிமிட் 1,000 டொலர் எண்டு வையுங்கோ. 900க்குச் சாமான் வாங்கியாச்சு. ஸ்டேட்மென்ட் 12ஆம் திகதி விழும், கட்டக் கடைசி நாள் அடுத்த மாசம் 3ஆம் திகதி. நீங்கள் 2ஆம் திகதி 900ஐயும் கட்டுறியள். வட்டி ஒரு சதமும் இல்லை. ஆனா கனக்க வங்கியள் பியூரோவுக்கு அனுப்புறது 12ஆம் திகதி நிலுவையை. அங்க 90 சதவீதம் பாவிச்சது எண்டு கிடக்கும். 10ஆம் திகதியே கட்டுங்கோ. ஸ்டேட்மென்டுக்கு முன்னம்.

கொத்துரொட்டி_416:
மாசாமாசம் பூச்சியம் போனா அந்தக் கார்டை ஆள் தொடுறதே இல்லை எண்ட மாதிரிக் கிடக்கும். 50, 80 டொலர் ஸ்டேட்மென்டில விழ விடுங்கோ, பேந்து கடைசி நாளுக்கு முன்னம் முழுக்கக் கட்டுங்கோ. அரசாங்க நுகர்வோர் முகமை 30 சதவீதத்துக்குக் கீழ வையுங்கோ எண்டுதான் சொல்லுது. பூச்சியம் ஆக்கச் சொல்லேல்லை.

கணக்கன்:
30 எண்டது கூரை, நிலம் இல்லை. புதுசா வந்தவனுக்கு 500 டொலர் டெபாசிட் வாங்கிக்கொண்டு 500 டொலர் லிமிட்டில கார்ட் குடுப்பாங்கள். அதில 30 சதவீதம் 150. ஒருக்கா சாமான் வாங்க நோ ஃபிரில்ஸ் கடைக்குப் போனா முடிஞ்சுது. அதாலதான் சொல்லுறன், 12க்கு முன்னம்.

தாம்பரம்_டூ_டொரான்டோ:
ஒரு நிமிஷம். "நிலுவை", அதாவது பாக்கின்னு நீங்க எதைச் சொல்றீங்க? ஸ்டேட்மென்ட்ல அச்சாகி வர்ற தொகையா, இன்னைக்கு ஆப்ல காட்டுறதா, வட்டியோட அடுத்த மாசத்துக்கு உருளுறதா? மூணும் வேற வேற. அதைச் சொல்லிட்டா பாதிச் சண்டை தீர்ந்துடும்.

கணக்கன்:
கொத்துரொட்டி, நழுவாமப் பதில் சொல்லும். 12க்கு முன்னமோ பின்னமோ?

கொத்துரொட்டி_416:
பின்னம். கடைசி நாளுக்கு முன்னம்.

கணக்கன்:
அப்ப அந்த வொய்ஸ் நோட் விட்ட மகராசன் நீர்தானோ?

அம்மன்கோவிலடி:
ரெண்டு பேரும் 12ஆம் திகதியில தொங்கிக்கொண்டு இருங்கோ. போன மாசம் 90 சதவீதம் கிடந்தாலும் இந்த மாசம் 10 ஆனா ஸ்கோர் திரும்பி ஏறும். மோர்ட்கேஜுக்கு, அதுதான் வீட்டுக் கடனுக்கு, விண்ணப்பிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னம் கவனிச்சாக் காணும். அழியாதது பிந்திக் கட்டுறதுதான். 30 நாள் தாண்டினா ஒழுங்காக் கட்டுற ஆள் எண்டு காட்டுற ஆர்-1, பிந்தின ஆள் எண்டு காட்டுற ஆர்-2 ஆகி, 6 வருசம் ஃபைலில கிடக்கும். அதுக்கு அடுத்த கேடு, வந்து இறங்கின உடன எடுக்கிற கார் லீஸ். மாசம் 650 டொலர் லீஸ் எண்டா, 4.5 சதவீத வட்டியில 25 வருசக் கடன் கேக்கிற ஆளுக்கு, வட்டி கூடினாலும் கட்டேலுமோ எண்டு வங்கி 6.5இல சோதிச்சுப் பார்க்கேக்க 97,000 டொலர் கடன் வெட்டுப்படும். உங்கட 12ஆம் திகதியில அவ்வளவு வெட்டுப்படுமோ?

கணக்கன்:
அக்கா, அதுக்கும் 12தான். கார்ட் நிலுவையில 3 சதவீதத்தை மாசக் கடனாக் கணக்கெடுப்பாங்கள். பியூரோவில 5,000 கிடந்தா 150. அதே கணக்கில 22,000 டொலர் குறையும். நீங்கள் 3ஆம் திகதி முழுக்கக் கட்டுற ஆள் எண்டு அந்த அறிக்கை சொல்லாது. வருமானத்தில 44 சதவீதம்தான் எல்லாக் கடனுக்கும் சேத்து எல்லை, முற்பணம் குறைவெண்டு காப்புறுதி எடுக்கிற மோர்ட்கேஜுக்கு. 43.8இல நிக்கிற ஆளுக்கு 150 டொலர் எண்டா வீடு இல்லை எண்டு அர்த்தம்.

பனிக்குல்லா:
ஸ்கோர் ஸ்கோர்னு எல்லாரும் அலையறீங்க. அந்தக் காப்புறுதியைத் தர்ற அரசு நிறுவனம் சி.எம்.எச்.சி. கேக்கறது விண்ணப்பிக்கறவங்கள்ல ஒருத்தருக்காவது 600, அவ்ளோதான். வங்கிகள் இன்னும் அதிகமா எதிர்பார்க்கும், சரி. அதைவிடப் பெரிய தலைவலி ஒர்க் பெர்மிட்ல வந்தவங்களுக்கு. அவங்க சின் நம்பர் (அரசாங்கம் தர்ற சமூகக் காப்பீட்டு எண்) 9ல தொடங்கும். பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, வந்ததும் புது நம்பர். வங்கிக்கும் ரெண்டு பியூரோவுக்கும் சொல்லலைன்னா ஃபைல் ரெண்டாப் பிரியும், பழைய கார்டு வரலாறு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் சர்நேம் ஆகி, கார்டுல இனிஷியல் மட்டும் இருக்கற நம்மாளுங்களுக்கு இன்னும் மோசம். ஈக்விஃபாக்ஸுக்கும் டிரான்ஸ்யூனியனுக்கும் தனித்தனியா அடையாள நகல் அனுப்பித்தான் சேர்க்கணும். விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு அறிக்கையையும் எடுத்துப் பாருங்க. இலவசம்தான்.

தாம்பரம்_டூ_டொரான்டோ:
இது உருப்படியான தகவல். கார்டு வரலாறே இல்லாதவங்க 12 மாச வாடகை கட்டின ஆதாரம், ஹைட்ரோ (கரண்ட்) பில், இன்டர்நெட் பில் எல்லாம் எடுத்து வைங்க. புதுசா வந்தவங்களுக்கான திட்டத்துல அதையும் பார்ப்பாங்க. வாடகையை ரொக்கமாக் குடுத்துட்டு ரசீது இல்லாம இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. டொரான்டோல பேஸ்மென்ட்ல இருக்கறவங்க முக்கியமாக் கவனிக்கணும்.

கணக்கன்:
ரொறன்ரோ.

தாம்பரம்_டூ_டொரான்டோ:
பேர்ல "டொரான்டோ"ன்னு வச்சிருக்கேன், அதையும் திருத்துவீங்களா சார்? பாக்கின்னா எதுன்னு கேட்டதுக்குத்தான் இன்னும் பதிலைக் காணோம்.

அம்மன்கோவிலடி:
முற்பணத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. 8 லட்சம் டொலர் வீடு எண்டா முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம், மிச்சத்துக்கு 10. மொத்தம் 55,000. எங்கட சனம் அதைச் சீட்டிலதான் சேர்க்குது. அதில ஒரு பிழையும் இல்லை.

கணக்கன்:
பிழை இருக்கு. 20 பேர், மாசம் 1,000. கழிவு போக 17,000 எடுத்துக் கணக்கில போடுறியள். வங்கி 90 நாள் ஸ்டேட்மென்ட் கேக்கும். எங்கால வந்தது எண்டா, சீட்டுப் பிடிக்கிறவ கடிதம் தருவாவோ? ரொக்கமாக் கொண்டுபோனா 10,000 அல்லது அதுக்கு மேல எண்டதும், கள்ளப் பணத்தைக் கண்காணிக்கிற ஃபின்ட்ராக்குக்கு அறிக்கை போகும்.

அம்மன்கோவிலடி:
90 நாளுக்கு முன்னமே எடுத்துப் போட்டா?

கணக்கன்:
மிச்சத் தவணை கட்டுறியள்தானே? ஒரே ஆளுக்கு மாசாமாசம் 1,000 இ-டிரான்ஸ்ஃபர் போறது, கடன் விண்ணப்பத்தைச் சோதிக்கிற அண்டர்ரைட்டரின்ர கண்ணுக்குத் தெரியாதோ? அது கடன். பியூரோவில இல்லாத கடன். ஒளிச்சா அது மோர்ட்கேஜ் மோசடி. கூட்டாளியை மாமா எண்டு சொல்லி கிஃப்ட் லெட்டரில கையெழுத்து வாங்கிறதும் மோசடிதான். நெருங்கிய சொந்தத்துக்குள்ள, திருப்பிக் கேக்கமாட்டன் எண்டு எழுதித் தாற காசு மட்டும்தான் கிஃப்ட்.

இன்னொண்டு. 55,000ஓட நிண்டிடாதேங்கோ. மிச்சக் கடன் 7,45,000. அதில 4 சதவீதம் காப்புறுதிக் கட்டணம் 29,800, அது கடனோட சேரும். ஆனா அதுக்கு ஒன்ராறியோ வரி 8 சதவீதம், 2,384 டொலர், கையிலயிருந்து குடுக்கவேணும், கடனில சேர்க்கேலாது. காணி மாற்று வரி, ரொறன்ரோ நகரத்துக்குள்ள இருக்கிற ஸ்காபரோவில ரெண்டு: மாகாணத்துக்கு 12,475, நகரத்துக்கு 12,475. முதல் வீடு எண்டா 8,475 கழியும், 16,475 மிஞ்சும். நகர எல்லையான ஸ்டீல்ஸ் ரோட்டைத் தாண்டி மார்க்கம் நகரத்தில வாங்கினா ஒரு வரிதான். வீடு வாங்கி முடிக்கிற செலவுக்கெண்டு வங்கி 1.5 சதவீதம், 12,000 காட்டச் சொல்லும். ஸ்காபரோவில வரிக்கே அது காணாது.

கொத்துரொட்டி_416:
அண்ணை கணக்கில கெட்டிக்காரர்தான். 2022 ஜனவரியில இங்க "வட்டி மாறுற வேரியபிள் எடுங்கோ, மாறாத ஃபிக்ஸ்ட் எடுக்கிறவன் மடையன்" எண்டு எழுதினதும் இதே அண்ணைதானே? மத்திய வங்கி வீதம் 0.25இல இருந்து 2023 ஜூலையில 5 ஆகேக்க ஆளைக் காணேல்லை.

கணக்கன்:
அது வேற திரி. அங்க "இண்டைய நிலைமையில" எண்டு போட்டிருக்கிறன், போய் வாசியும்.

கொத்துரொட்டி_416:
வாசிச்சனான். போடேல்லை.

பனிக்குல்லா:
நான் வாய்ஸ் நோட் பத்தி ஆரம்பிச்சேன். மினிமம் கட்டினா ஸ்கோர் ஏறாது. அதுலயாவது எல்லாரும் ஒத்துப் போறீங்களா?

அம்மன்கோவிலடி:
சீட்டைக் களவு எண்ட மாதிரிக் கதைச்சதுக்கு முதல்ல அவர் பதில் சொல்லட்டும்.

கணக்கன்:
களவு எண்டு சொல்லேல்லை, கடுதாசி இல்லை எண்டுதான் சொன்னனான். பனிக்குல்லா, மினிமம், முழுசு எல்லாம் இரண்டாம் பட்சம். முழுசாக் கட்டினாலும் 13ஆம் திகதி கட்டினா

கொத்துரொட்டி_416:
13ஆம் திகதி கட்டினா ஒரு மண்ணும் நடக்காது.

கணக்கன்:
90 சதவீதம் விழும். 12க்கு முன்னம் கட்டுங்கோ.