தம்பிக்கு டீடாக்ஸ் முடிஞ்சதும் தங்க வைக்க ஹாஃப்வே ஹோம் வேணும், எப்படி தேடறது?

குடந்தை_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 34 வயசு, ஏசி மெக்கானிக், வேலையில கெட்டிக்காரன், ஆனா குடி ரொம்ப முத்திப் போச்சு. போன வருஷம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சேத்தோம், நல்லா தெளிஞ்சு வந்தான், முகமே மாறிப் போச்சு, ஆனா வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்லயே பழையபடி ஆயிடுச்சு. மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் தொறக்கறதுக்குள்ள கை நடுங்க ஆரம்பிச்சுடுது, டீ டம்ளர ரெண்டு கையால புடிச்சாலும் பாதி சட்டையில சிந்துது. இப்ப அவனே வாய் தொறந்து கேக்கறான், அக்கா இந்தத் தடவை ஆஸ்பத்திரியில இருந்து நேரா வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடாத, நடுவுல கொஞ்ச மாசம் வேற எங்கயாச்சும் இருக்கேன்னு. அந்த மாதிரி இடம் தமிழ்நாட்டுல எங்க இருக்கு? சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு மையத்தோட நம்பர் குடுத்தார், போன் பண்ணா ராத்திரியே வண்டியில வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். இன்னொருத்தர் அம்மாகிட்ட சாம்பார்ல மாத்திரை கலந்து குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. ரெண்டுமே எனக்கு பயமா இருக்கு, பெருசா செலவு பண்ணவும் வசதி இல்ல.

வார்டு_சிஸ்டர்:
அம்மா, முதல்ல அந்த கை நடுக்கத்தப் பத்தி சொல்லிடறேன், அதுதான் அவசரம். தினமும் குடிக்கிறவர் வீட்ல வச்சு திடீர்னு நிறுத்தக் கூடாது. நிறுத்தின முதல் ரெண்டு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல சிலருக்கு டெலிரியம் வரும், செவுத்துல பூச்சி ஊருதும்பாங்க, யாரோ கூப்பிடறாங்கன்னு எழுந்து ஓடுவாங்க, வேர்த்துக் கொட்டும், உயிருக்கே ஆபத்து. அதனால பக்கத்துல இருக்கற மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுல சேத்துடுங்க. நடுக்கத்துக்கு மருந்து குடுப்பாங்க, வைட்டமின் பி1 ஊசியும் போடுவாங்க. தெருவுல இருக்கற கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் ஏத்திட்டு அனுப்பற வேலை வேண்டாம், பி1 இல்லாம குளுக்கோஸ் ஏத்தினா சிலருக்கு மூளை பாதிக்கும்.

உங்க தம்பி கேட்டது ரொம்ப சரியான விஷயம். டீடாக்ஸ்ங்கறது உடம்புல இருக்கற சாராயத்த எறக்கறது மட்டும்தான், குடிக்கணும்ங்கற ஏக்கம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். ஹாஃப்வே ஹோம்னு பேர் போட்ட இடங்கள்ல நிறைய, மனநோய்ல இருந்து குணமாகி வர்றவங்களுக்கானது, அதனால அந்தப் பேர வச்சு மட்டும் தேடாதீங்க. குடிக்குன்னா சிகிச்சை மையத்தோட சேந்தே ஆஃப்டர்கேர்னு, சிகிச்சை முடிஞ்சப்புறம் கொஞ்ச நாள் தங்கற இடம் வச்சிருப்பாங்க, அத கேளுங்க. சென்னை இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு, தன் கணவர குடியால பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல ஆரம்பிச்சது, குடும்பத்தையும் உக்கார வச்சு கவுன்சிலிங் குடுப்பாங்க. மத்திய அரசு உதவியில நடக்கற மறுவாழ்வு மையங்களும் இருக்கு, 14446க்கு போன் பண்ணா உங்க பக்கத்துல எதுன்னு கேக்கலாம், காசு கிடையாது.

டெல்டா_வக்கீல்:
அந்த ராத்திரி வண்டிக்கு தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க சகோதரி. எனக்கு வேண்டியவங்க பையன் ஒருத்தன அப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க, பாக்கப் போனா கிரில் கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு, ஒரே ஹால்ல வரிசையா பாய், போன் பேச விட்டா பக்கத்துலயே ஒரு ஆள் நின்னு ஸ்பீக்கர்ல போடச் சொல்வான், பையன் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்வான். 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல குடி, போதைப் பழக்கத்தால வர்ற பிரச்சனையும் அடங்கும். மையம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணிருக்கணும். ஒருத்தர் சம்மதம் இல்லாம சேக்கறதுக்கு கடுமையான நிபந்தனை இருக்கு, ஒரு மனநல டாக்டரோட இன்னொருத்தரும் தனித்தனியா பாத்து எழுதணும், அதுவும் முதல்ல 30 நாள் வரைக்கும்தான். சங்கிலி போடறது எந்த ரூபத்துலயும் கூடாது. 2001ல ஏர்வாடியில ஒரு மனநல காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலியோட கெடந்த 28 பேர் ஓட முடியாம செத்தாங்க, அத மறக்கவே கூடாது.

உங்க தம்பி தானா வர்றேன்றார், அதுவே பெரிய பலம். எந்த இடமா இருந்தாலும் நேர்ல போய் பதிவு சர்டிஃபிகேட் காட்டுங்கன்னு கேளுங்க, டாக்டர் எந்த எந்த நாள் வருவார், ராத்திரி நர்ஸ் இருக்காங்களா, வாரா வாரம் பாக்க விடுவீங்களான்னு கேளுங்க. உள்ள சுத்திப் பாக்க விட மாட்டேன்னா அங்கயே திரும்பிடுங்க.

இன்னைக்கு_மட்டும்:
நான் ஒரு குடிநோயாளி, இப்ப குடிக்கறதில்ல. சாம்பார்ல கலக்கச் சொல்றது அனேகமா டைசல்ஃபிராம் மாத்திரையா இருக்கும். அது உடம்புல இருக்கறது தெரியாம சாராயம் குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் எறங்கி, ஆளே போயிடலாம். அவருக்குத் தெரிஞ்சு, டாக்டர் எழுதிக் குடுத்து, வீட்ல ஒருத்தர் பாக்க அவரே முழுங்கினா அது நல்ல மாத்திரை. மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் கூட வேலை செய்யும், அதனால இருமல் டானிக்ல ஆல்கஹால் இருக்கான்னு கூட பாக்கணும்.

நான் ஆஃப்டர்கேர்ல இருந்தவன். காலையில எழுந்து அவங்கவங்க முறைக்கு சமையல், கூட்டறது, கொஞ்ச வாரம் கழிச்சு வெளிய வேலைக்கு விடுவாங்க, சாயங்காலம் திரும்பி வந்ததும் வாய ஊதிக் காட்டணும். சம்பளத்த வார்டன்கிட்ட எழுதி வச்சு செலவுக்கு மட்டும் வாங்கிக்குவோம். எனக்கு கஷ்டமா இருந்தது சாயங்காலம் ஆறு மணிதான், வேலை முடிஞ்சு கையில காசோட பஸ் ஸ்டாண்ட்ல நிக்கற நேரம். அந்த நேரத்துக்கு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் போயிடுவேன், குடிய விட நினைக்கறவங்க கூடிப் பேசற இடம். கட்டணம் கிடையாது, சர்ச் ஹால்லயோ ஸ்கூல் ரூம்லயோ நடக்கும், தமிழ்லயே பேசுவாங்க, எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. அக்கா நீங்களும் அம்மாவும் அல்-அனான் மீட்டிங் போங்க, அது குடும்பத்துக்குன்னே இருக்கறது.

குடந்தை_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அந்த மாத்திரைய தூக்கிப் போட்டுட்டாங்க. 14446ல பேசினேன், பொறுமையா கேட்டாங்க. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன், அது வரைக்கும் அவன குடிக்காம இருன்னு சொல்லலாமா?

வார்டு_சிஸ்டர்:
வேண்டாம்மா, அவரா திடீர்னு நிறுத்த வேண்டாம், நல்லா சாப்பிட வைங்க, வண்டி ஓட்ட விடாதீங்க. நடுக்கம் கூடினாலோ, பேச்சு கொழம்பினாலோ, ஃபிட்ஸ் வந்தாலோ திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காம 108க்கு போன் பண்ணுங்க. போன வருஷத்து டிஸ்சார்ஜ் சீட்டு, ஆதார், இப்ப சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துக்கோங்க. அட்மிஷன் போடும்போதே ஆஃப்டர்கேர் வேணும்னு வார்டு சோஷியல் வொர்க்கர்கிட்ட சொல்லிடுங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு போய் கேட்டா இடம் கெடைக்காது.